பாலாற்றங்கரைக் கழனியில் குரோமியம்: மண் அறிக்கையில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது?

மண்வாசி | 11 மே 2025

கடந்த மாதம் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிப் பேச இந்த இழையைத் தொடங்குகிறேன். உலகெங்கும் ஏற்கெனவே நடந்த 1,493 வட்டார ஆய்வுகளிலிருந்து ஏறத்தாழ 8 லட்சம் மண் மாதிரிகளின் முடிவுகளைத் திரட்டியிருக்கிறார்கள். ஆர்சனிக், காட்மியம், கோபால்ட், குரோமியம், செம்பு, நிக்கல், ஈயம் ஆகிய ஏழில் ஒன்றாவது வரம்பைத் தாண்டிய விளைநிலம் உலகில் 14 முதல் 17 சதவீதம் இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. அத்தகைய நிலப்பகுதிகளில் வாழ்பவர்கள் 90 கோடி முதல் 140 கோடிப் பேர். தென் ஐரோப்பாவில் தொடங்கி மேற்கு ஆசியா, தெற்காசியா வழியாகத் தென் சீனம் வரை ஒரு நீண்ட பட்டை வரைபடத்தில் சிவந்து கிடக்கிறது. நம் ஊர் அந்தப் பட்டைக்குள்தான் இருக்கிறது.

தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிய பாலாற்றுப் படுகை மண்ணில்தான் நான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். அந்த வரைபடத்தைப் பார்த்ததிலிருந்து ஒரு கேள்வி விடவில்லை. அதன் ஒரு கட்டத்துக்குள் எத்தனையோ ஊர்கள் அடங்கிவிடும். அந்தச் சிவப்பிலிருந்து ஒரு விவசாயி தன் இரண்டு ஏக்கரைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்? ஆய்வு செய்தவர்கள் தங்கள் வேலையை நேர்மையாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் வரைபடத்துக்கும் வரப்புக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை யார் கடப்பது? களத்தில் இருப்பவர்கள் எழுதுங்கள்.

பழைய அலுவலர் | 11 மே 2025

நல்ல கேள்வி, அம்மா. வேளாண்மைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மண் மாதிரி எடுத்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். குரோமியம் அதிகம் என்றவுடன் அதைக் கழிவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் பாறையிலேயே குரோமைட் என்ற குரோமியத் தாது அடுக்கு ஓடுகிறது. சேலத்துச் சுண்ணாம்புக் கரடு என்கிறோமே, அந்த மேக்னசைட் குன்றுகளைச் சுற்றியுள்ள மண்ணில் நிக்கலும் குரோமியமும் இயற்கையிலேயே கூடுதல். அது தொழிற்சாலை கொட்டியதல்ல. பாறை மக்கி மண்ணானது, அவ்வளவுதான்.

வரம்பு என்ற சொல்லும் நாட்டுக்கு நாடு வேறு. சாக்கடைக் கசடை வயலில் இடுவது பற்றி ஐரோப்பா 1986இல் விதி செய்தபோது காட்மியம், ஈயம், பாதரசம் எல்லாவற்றுக்கும் எண் கொடுத்தார்கள். குரோமியத்துக்கு மட்டும் இப்போது முடிவு செய்ய இயலவில்லை என்று விட்டுவிட்டார்கள். நம் உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கம்போஸ்டுக்கு வரம்பு சொல்கிறது: கிலோவுக்குக் குரோமியம் 50 மில்லிகிராம், காட்மியம் 5, ஈயம் 100. அது எருவுக்கான எண், மண்ணுக்கு அல்ல. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எதனோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் நிற்கும் விவசாயிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கீழ்க்கழனி | 12 மே 2025

அந்த விவசாயிகளில் நானும் ஒருவன், ஐயா. பாலாற்றுக்கு அரை மைல் தள்ளி எங்களுக்கு இரண்டே கால் ஏக்கர் இருக்கிறது. மேல்கழனி, கீழ்க்கழனி என்று இரண்டாகக் கிடக்கிறது. தாத்தா காலத்தில் மூன்று போகம் நெல், நடுவில் மஞ்சள். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே கிணற்றுத் தண்ணீர் கரிக்கத் தொடங்கிவிட்டது. இப்போது ஒரு போகம் நெல்லும் கொஞ்சம் தென்னையும். கோடையில் கீழ்க்கழனியில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும்.

மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் வற்புறுத்தித்தான் ஒரு தனியார் ஆய்வகத்தில் மண் கொடுத்தோம். ‘மொத்த குரோமியம்’ என்ற வரியில் மூன்று இலக்க எண் ஒன்றைப் போட்டுப் பக்கத்தில் நட்சத்திரக் குறி வைத்திருக்கிறார்கள். அதன் பொருளைக் கேட்டால் சோதிப்பது மட்டும்தான் எங்கள் வேலை என்கிறார்கள். அன்றிலிருந்து வீட்டில் எங்கள் அரிசியைச் சமைக்க மனைவிக்கு மனம் வரவில்லை. கடையில் வாங்குகிறோம். சொந்த நெல்லை மண்டிக்கு அனுப்பிவிட்டுக் கடை அரிசி தின்பது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. நாங்கள் தின்னக் கூடாதது என்றால் அதை இன்னொருவர் தலையில் கட்டுவது எப்படி நியாயம்? தெரிந்தவர்கள் நேராகச் சொல்லுங்கள். இந்த மண்ணில் விளைந்ததைச் சாப்பிடலாமா, கூடாதா?

ஆய்வுமேசை | 12 மே 2025

கீழ்க்கழனி அண்ணா, உங்கள் கடைசிக் கேள்விக்கு இந்த அறிக்கையை வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஒரு ஆய்வகத்தில் பதினோரு ஆண்டுகளாக இதே வேலையைச் செய்பவன் சொல்கிறேன்.

மொத்த குரோமியம் என்பதை எப்படி எடுக்கிறோம் என்றால், மண்ணை ராஜ திராவகத்தில், அதாவது ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவையில், கொதிக்க வைத்துக் கரைந்து வருவதையெல்லாம் அளக்கிறோம். எந்த நெல் வேரும் மண்ணை ராஜ திராவகத்தில் கொதிக்க வைப்பதில்லை. மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதில் எவ்வளவு நகரும், எவ்வளவு வேருக்குள் போகும், எவ்வளவு நெல்மணிக்கு ஏறும் என்பவை தனித்தனிக் கேள்விகள். உங்கள் அறிக்கையில் முதல் கேள்விக்கு மட்டும்தான் விடை இருக்கிறது.

குரோமியம் இரண்டு உருவில் வரும். மூவிணைதிறன் குரோமியம்தான் தோல் பதனிடப் பயன்படுவது. மண்ணின் கார அமில நிலை ஐந்தரைக்கு மேல் இருந்தால் அது கரையாமல் படிந்துவிடும், மக்கோடு ஒட்டிக்கொள்ளும். செடி எடுத்தாலும் பெரும்பகுதி வேரிலேயே நின்றுவிடும். ஆறிணைதிறன் குரோமியம் அதற்கு நேர்மாறு. குரோமேட்டாக நீரில் கரைந்து நகரும், கிணற்றுக்குப் போகும், கந்தகத்தை உள்ளிழுக்கும் வழியிலேயே வேருக்குள் நுழையும். புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதி செய்யப்பட்டது இதுதான். உங்கள் நட்சத்திரக் குறி இந்த இரண்டில் எதற்கு என்று அறிக்கை சொல்லவில்லை.

எனக்கு மூன்று தகவல் வேண்டும். மாதிரியை எதைக் கொண்டு எடுத்தீர்கள்? எத்தனை இடத்தில் எடுத்தீர்கள்? மேல்கழனி, கீழ்க்கழனி மண்ணைச் சேர்த்துக் கலந்தீர்களா, தனித்தனியாகக் கொடுத்தீர்களா?

கீழ்க்கழனி | 12 மே 2025

புதுக் கடப்பாரையால் குத்தி, துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியால் அள்ளினோம். ஐந்தாறு இடத்தில் எடுத்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஒரே பையில் கொடுத்தோம்.

ஆய்வுமேசை | 12 மே 2025

துருப்பிடிக்காத எஃகிலேயே குரோமியமும் நிக்கலும் இருக்கின்றன. கரண்டியால் பெரிய வேறுபாடு வந்திருக்காது என்றாலும் இந்தச் சோதனைக்கு மர அகப்பையோ பிளாஸ்டிக் கரண்டியோதான் சரி. பெரிய சிக்கல், இரண்டு கழனியையும் கலந்தது. ஒன்று சுத்தமாகவும் மற்றொன்று கெட்டும் இருந்தால் இரண்டின் சராசரிதான் உங்கள் கையில் இருக்கிறது. அந்தச் சராசரி மண் உங்கள் நிலத்தில் எங்குமே இல்லாமல் இருக்கலாம்.

பசுவேர் | 13 மே 2025

இயற்கை வழியில் இதற்குத் தீர்வு இருக்கிறது, அண்ணா. சூரியகாந்தி, கடுகு, வெட்டிவேர் ஆகியவை கன உலோகங்களை உறிஞ்சும். இரண்டு மூன்று போகம் சூரியகாந்தி போட்டு, செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்தினால் மண் தூய்மையாகிவிடும். ஆர்சனிக்குக்கு ஒரு பெரணிச் செடி இருக்கிறது என்று 2001இல் ‘நேச்சர்’ இதழிலேயே வந்தது. மண்ணைத் தோண்டி வேறு இடத்தில் கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மண்வாசி | 13 மே 2025

பசுவேர், பெரணி பற்றிச் சொன்னது உண்மை. ஆர்சனிக்கை அது இலையில் குவிப்பது வியப்பான கண்டுபிடிப்பு. ஆனால் குரோமியத்துக்கு அதே கதையைச் சொல்ல முடியாது. ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், நீங்களே சரிபாருங்கள்.

ஒரு ஏக்கரில் மேல்மண் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 850 டன். அதில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் குறைக்க வேண்டுமென்றால் 85 கிலோ குரோமியத்தை வெளியே எடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஏக்கருக்கு 5 டன் காய்ந்த செடி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்டிலும் இலையிலும் கிலோவுக்கு 50 மில்லிகிராம் ஏறுகிறது என்றும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு வெளியேறுவது கால் கிலோ. 85 கிலோவுக்கு 340 ஆண்டுகள்.

தொட்டியில் செடி வளர்த்து, மருந்து சேர்த்து உறிஞ்ச வைத்த ஆய்வுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. என் ஆய்வேட்டுக்காக அவற்றைப் படித்துப் படித்துச் சோர்ந்தேன். பெரும்பாலானவற்றில் இந்தக் கணக்கு இல்லை. தொட்டியில் நடந்ததை வயலில் நடக்கும் என்று ஒரு குடும்பத்திடம் சொல்வதற்கு முன்னால் இதைப் போட்டுப் பார்க்க வேண்டியது நம் கடமை என்று நினைக்கிறேன்.

பசுவேர் | 13 மே 2025

கணக்கைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு மூன்று போகம் என்று நான் எழுதியது தவறு, திருத்திக்கொள்கிறேன். ஆனால் செடி உலோகத்தை எடுக்காவிட்டாலும் மண்ணை மூடி வைக்குமே? வெறும் தரையாகக் கிடந்தால் புழுதி பறக்கும், மழையில் அரித்துக் கிணற்றுக்கும் ஏரிக்கும் போகும். வெட்டிவேரை வரப்பில் நட்டு அதைத் தடுக்கலாம். அந்த அளவுக்காவது என் யோசனையைக் கைவிடாதீர்கள்.

மண்வாசி | 13 மே 2025

அதற்கு நானும் கைதூக்குகிறேன். எடுப்பதைவிட நகராமல் பிடித்து வைப்பதில் செடிக்கும் மக்குக்கும் பெரிய பங்கு இருக்கிறது. தொழு உரம், பசுந்தாள் உரம் இட்டால் ஆறிணைதிறன் குரோமியம் மூவிணைதிறனாக மாறுவதும் விரைவாகும்.

கீழ்க்கழனி | 15 மே 2025

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். மகள் விளக்கினாள். உங்கள் அறிவுக்கு வணங்குகிறேன். ஆனால் எனக்குள் கிடப்பதையும் எழுத வேண்டும்.

340 ஆண்டு என்கிறீர்கள். நாங்களா கொட்டினோம்? என் தகப்பனார் வழக்குக்காக நடையாய் நடந்தார். கூட்டத்துக்குப் போவார், காகிதத்தில் கைநாட்டு வைப்பார், கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு அலைவார். அவர் கண்ணை மூடும்வரை அந்தத் தண்ணீர் மாறவில்லை. இப்போது நான் மர அகப்பை வாங்கி, என் பணத்தில் மறுபடி சோதித்து, என் மண்ணில் என்ன இருக்கிறது என்று நானே நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

பழைய அலுவலர் | 15 மே 2025

தம்பி, உங்கள் கோபத்தில் ஒரு சொல்லும் பிழையில்லை. இளையவர்களுக்காக அந்த வரலாற்றைக் கொஞ்சம் பதிவு செய்கிறேன்.

வேலூர் குடிமக்கள் நல அமைப்பு 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியாகச் சொன்ன தீர்ப்பு அது. இன்று சட்டக் கல்லூரிகளில் எல்லாரும் படிப்பது நம் பாலாற்றுத் தண்ணீரைப் பற்றித்தான். தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

அதன் பிறகு அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001இல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்றது. வகுத்துப் பாருங்கள், சராசரியாகத் தலைக்குப் பத்தாயிரம்கூட வராது. இந்த ஆண்டு ஜனவரி 30ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, மீதமுள்ள இழப்பீட்டை ஆறு வாரத்தில் கொடுங்கள் என்று உத்தரவிட்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 35,000 ஹெக்டேரைக் கெடுத்ததில் முதல் குற்றவாளி உப்பு என்பது என் அனுபவம். தோல் அழுகாமல் இருக்க உப்பில் போட்டு வைப்பார்கள், அதைக் கழுவிய நீர்தான் ஆற்றில் இறங்கியது. சோடியம் ஏறிய களிமண் மழைக்குக் குழைந்து, வெயிலுக்குக் கல்லாகிவிடும். கீழ்க்கழனியில் வெள்ளையாகப் பூக்கிறது என்றீர்களே, அது குரோமியம் அல்ல, உப்பு. குரோமியம் பெயரே அச்சமூட்டுவதால் எல்லாரும் அதைப் பற்றியே பேசுகிறோம். உப்பை மறந்துவிடுகிறோம். விளைச்சலைக் குறைத்தது உப்பு. உணவுக்குப் பாதுகாப்பா என்பது குரோமியத்தின் கேள்வி. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

ராணிப்பேட்டை சிப்காட் குரோமேட் ஆலை விவகாரம் இன்னொரு தனிக் கதை. அங்கே தாதுவிலிருந்தே குரோமேட் செய்தார்கள். அதனால் கழிவிலேயே ஆறிணைதிறன் குரோமியம். 90களின் நடுவில் ஆலை மூடிய பிறகும் லட்சக்கணக்கான டன் கழிவு அங்கேயே மலையாகக் கிடந்து மஞ்சள் நீராகக் கசிந்தது. 2006இல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்கள் என்று பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது. ஆகவே தோல் கழிவு பட்ட நிலத்தையும் குரோமேட் கழிவு பட்ட நிலத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

ஜின்சுக்கரை | 17 மே 2025

வணக்கம். நான் ஜப்பானில் தொயாமா மாநிலத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் ஆம்பூர் பக்கம். கீழ்க்கழனி அண்ணா எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் குடியிருப்புக்கு அருகில் ஓடும் ஆற்றின் பெயர் ஜின்சு. மேலே கமியோகாவில் மிட்சுயி நிறுவனத்தின் துத்தநாகச் சுரங்கம் இருந்தது. அதன் கழிவிலிருந்த காட்மியம் ஆற்றில் இறங்கி, பாசனத்தில் வயலுக்குப் போய், அரிசியில் ஏறியது. அதைத் தின்றவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு எலும்பு உருகியது. இருமினாலே விலா எலும்பு முறியும் அளவுக்குப் போயிற்று. பெரும்பாலும் பல பிள்ளை பெற்ற, வயது முதிர்ந்த பெண்கள். ‘இதாய், இதாய்’ என்று கத்துவார்களாம். வலிக்கிறது, வலிக்கிறது என்று பொருள். நோய்க்கு அதுவே பெயராகிவிட்டது. ஹகினோ நொபொரு என்ற உள்ளூர் மருத்துவர் இதைத் தொற்று அல்ல, சுரங்கக் கழிவு என்று சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. 1968இல்தான் அரசு இதை மாசால் வந்த நோய் என்று ஏற்றது. 1972இல் மேல்முறையீட்டிலும் மக்கள் வென்றார்கள்.

நான் சொல்ல வந்தது மண்ணைப் பற்றி. செடி நட்டு அவர்கள் காத்திருக்கவில்லை. கெட்ட மேல்மண்ணை அடியில் புதைத்து, மேலே மலையிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணைப் பரப்பினார்கள். 863 ஹெக்டேர். 1979இல் தொடங்கி 2012இல் முடிந்தது. 33 ஆண்டு, 4,070 கோடி யென் செலவு. மூன்று வாரத்துக்கு முன்பு அந்த வயல்களின் ஓரமாகச் சைக்கிளில் போனேன். நடவுக்குத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். வானம் அப்படியே தெரிந்தது. அடியில் என்ன புதைந்திருக்கிறது என்று தெரியாதவருக்கு அது வெறும் அழகான வயல்.

பணத்தையும் காலத்தையும்விட என்னை அசைத்தது இன்னொன்று. வழக்கில் வென்ற மறுநாளே மக்கள் நிறுவனத்திடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எப்போது வேண்டுமானாலும் சுரங்க வளாகத்துக்குள் நுழைந்து பார்க்கலாம், வல்லுநரை அழைத்து வரலாம், செலவு நிறுவனத்துடையது. அந்த ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் போகிறார்கள். விவசாயிகளும் பேராசிரியர்களும் ஒன்றாக வடிகால் வடிகாலாகப் பார்க்கிறார்கள். இன்று ஆற்று நீரில் காட்மியம் இயற்கை அளவுக்கு இறங்கியிருப்பதற்கு அந்த நடைதான் காரணம் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள்.

கீழ்க்கழனி | 17 மே 2025

தம்பி, நீங்கள் எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். கேட் திறந்து விடுவார்களா என்று கேட்டாள். இங்கே நாங்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்று பழகியவர்கள்.

பழைய அலுவலர் | 18 மே 2025

ஜப்பான் முறையை இங்கே கணக்கிட்டால், ஏக்கருக்கு 15 சென்டிமீட்டர் நல்ல மண் பரப்ப 200 யூனிட்டுக்கு மேல் வேண்டும். எங்கிருந்து வரும்? ஏரி வண்டல்தான் நம்மிடம் இருக்கிறது. கழிவுநீர் இறங்காத ஏரியாக இருந்தால் அதைவிட நல்ல மண் இல்லை. தக்கைப்பூண்டு மடக்கி உழுது, ஜிப்சம் இட்டு, மழைநீரில் உப்பை வடித்துவிடுவது கீழ்க்கழனிக்குப் பயன் தரும்.

ஆய்வுமேசை | 18 மே 2025

ஐயா சொன்னதில் ‘கழிவுநீர் இறங்காத’ என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். வண்டல் இலவசமாகக் கிடைக்கிறது என்று அள்ளிக்கொண்டு வந்து, சோதித்தபோது வயலைவிட வண்டலில் கூடுதலாக இருந்ததை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு கைப்பிடி வண்டல் ஆய்வகத்துக்குப் போகட்டும், பிறகு டிராக்டர் போகட்டும்.

ஜப்பானின் காட்மியத்தைப் படித்துவிட்டு நம் குரோமியத்தையும் அப்படியே நினைத்து அஞ்ச வேண்டாம். அமெரிக்க வேளாண் துறையின் ரூபஸ் சேனி என்ற ஆய்வாளர் மண்ணுக்கும் செடிக்கும் நடுவில் ஒரு தடை இருக்கிறது என்று விளக்கினார். ஈயமும் மூவிணைதிறன் குரோமியமும் மண்ணிலோ வேரிலோ நின்றுவிடும். துத்தநாகம், செம்பு, நிக்கல் மிகுந்தால் மனிதனுக்குத் தீங்கு வரும் முன்பே பயிர் காய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். காட்மியம் மட்டும் செடிக்குத் துன்பம் தராமல் அமைதியாக நெல்மணிக்குப் போய்விடும். பயிர் பச்சையாக நிற்கும், அரிசி வெள்ளையாக இருக்கும், தின்பவருக்குத்தான் கேடு. அதனால்தான் அரிசியில் காட்மியத்துக்குச் சர்வதேச வரம்பு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் என்று கறாராக இருக்கிறது.

நெல்லில் இன்னொரு முடிச்சும் உண்டு. வயலில் தண்ணீர் கட்டினால் காட்மியம் சல்பைடாகப் பிணைந்து அடங்கும். ஆனால் அதே தண்ணீரில் இரும்பு ஆக்சைடு கரைந்து, அதைப் பற்றியிருந்த ஆர்சனிக் வெளிவந்து நெல்லில் ஏறும். காயவிட்டால் ஆர்சனிக் குறையும், காட்மியம் கூடும். இரண்டும் உள்ள வயலில் தண்ணீரை எப்படி ஆண்டாலும் ஒரு பக்கம் இடிக்கும். இதற்காகவே ஜப்பானியர்கள் காட்மியத்தை உள்ளே விடாத நெல்லை உருவாக்கினார்கள். கொஷிஹிகாரி நெல்லில் அயனிக் கற்றை பாய்ச்சி, வேரில் காட்மியம் நுழைய வாசல் அமைக்கும் ஒரு மரபணுவை முடக்கிய வகை அது, அதைப் பற்றிய ஆய்வு 2012இல் வெளியானது. அதே வாசலில்தான் மாங்கனீசும் நுழையும் என்பதால் அந்த நெல்லுக்கு மாங்கனீசு குறையும்.

ஜின்சுக்கரை | 18 மே 2025

ஆம், இந்த ஆண்டு அகிதா மாநிலம் முழுவதும் தன் புகழ்பெற்ற அரிசி வகையை அந்தக் குணம் சேர்த்த புது வகைக்கு மாற்றுகிறது. கதிர்வீச்சால் வந்த மாற்றம் என்பதால் எதிர்ப்பும் கடுமையாக இருக்கிறது. தின்பவர்கள் கேட்கும் உரிமை உள்ளவர்கள்தானே.

கீழ்க்கழனி | 2 ஜூன் 2025

ஒரு செய்தி. என் சித்தப்பாவுக்கு 81 வயது. நேற்று அவரை மேல்கழனிக்கு அழைத்துப் போனேன். கிணற்று மேட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார். 80களின் தொடக்கத்தில் இரண்டு கோடை மேல்கழனிக்கு வண்டி வண்டியாக ஏதோ கசடு வந்து இறங்கியதாம். நல்ல எரு, பணம் வேண்டாம் என்றார்களாம். சாம்பல் நீலமாக, பிசுபிசுப்பாக இருந்ததாம். தகப்பனார் மகிழ்ச்சியாகப் பரப்பி உழுதிருக்கிறார். இறக்கியவர் யார், எங்கிருந்து வந்தது என்பது அவருக்கு நினைவில்லை.

இத்தனை ஆண்டுகளும் ஆற்றுத் தண்ணீர்தான் என்று நினைத்திருந்தோம். என் தகப்பனார் தன் கையாலேயே பரப்பினார் என்று கேட்டபோது வரப்பில் நின்று அழுதுவிட்டேன்.

மண்வாசி | 2 ஜூன் 2025

அண்ணா, உங்கள் அப்பா மேல் ஒரு துளிப் பழியும் இல்லை. எரு என்று சொல்லிக் கொடுத்தார்கள், மண்ணுக்கு நல்லது என்று நம்பி இட்டார்.

சித்தப்பா சொன்ன சாம்பல் நீல நிறம் மூவிணைதிறன் குரோமியம் கலந்த கசடின் நிறத்தோடு ஒத்துப்போகிறது. நினைவை வைத்து உறுதி சொல்ல முடியாது, சோதனைதான் சொல்ல வேண்டும். இந்த மண்ணைப் பற்றி நாற்பது ஆண்டுக்கு முந்தைய செய்தி ஒரு முதியவரின் நினைவில் இருந்தது. எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் அது இல்லை. என் ஆய்வுப் படிவத்தில் ‘முன்பு நிலத்தில் இட்டது என்ன’ என்ற கேள்வியே இல்லை. இன்று சேர்த்துவிட்டேன்.

அடுத்து என்ன செய்யலாம் என்றால், மேல்கழனியையும் கீழ்க்கழனியையும் தனித்தனியாக எடுங்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில ‘வி’ வடிவக் குழி, 15 சென்டிமீட்டர் ஆழம், மர அகப்பை. கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை விலக்கி அரைக் கிலோவாகக் குறையுங்கள். நிழலில் உலர்த்துங்கள். ஆறிணைதிறன் சோதனைக்கு மட்டும் ஒரு பங்கை ஈரத்தோடே காற்றுப் புகாத பையில் கட்டி, குளிர்ச்சியாக வைத்து உடனே அனுப்ப வேண்டும். இதுவரை வயல் படாத இடத்திலிருந்து, கோயில் தோப்பு இருந்தால் அங்கிருந்து, ஒரு மாதிரி கட்டாயம் வேண்டும். ஊரின் இயற்கை அளவு அப்போதுதான் தெரியும். வீட்டில் இருக்கும் சென்ற போக நெல்லையும் இரண்டு கழனிக்கும் தனித்தனியாக அனுப்புங்கள்.

ஒன்று மட்டும் மிகக் கவனம். மேல்கழனியில் வைக்கோலையோ தாளையோ கொளுத்தாதீர்கள். தோல் துண்டு எரித்த சாம்பலை எருக்குழியில் சேர்க்காதீர்கள். காற்றோடு சூடுபடும்போது அமைதியாகக் கிடக்கும் மூவிணைதிறன் குரோமியம் ஆறிணைதிறனாக மாறக்கூடும். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடும் அதே வேலையைச் சிறிதளவில் செய்யும் என்று 1979இலேயே காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் ஒரு முறை சோதித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது.

ஆய்வுமேசை | 3 ஜூன் 2025

ஆறிணைதிறன் சோதனையை நான் செய்து தருகிறேன், கட்டணம் வேண்டாம். காரக் கரைசலில் பிரித்தெடுத்து ஒரு வினைப்பொருள் சேர்த்தால் ஊதா நிறம் வரும். நிறத்தின் அடர்த்தியிலிருந்து அளவு. நிறம் வராமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் செய்வேன்.

பழைய அலுவலர் | 29 ஜூலை 2025

இடையில் ஒரு செய்தி. மாசடைந்த இடங்களைக் கையாள்வதற்கான விதிகளை மத்திய அரசு இம்மாதம் அறிவித்திருக்கிறது. இடத்தை அடையாளம் காண்பது, மாசு செய்தவரைக் கண்டறிந்து செலவை வாங்குவது எல்லாம் அதில் இருக்கிறது. 80களில் வண்டியில் வந்து இறங்கிய கசடுக்கு யாரைக் கண்டறிவது என்பது எனக்குள் நெருடுகிறது. ஆனாலும் கீழ்க்கழனி தம்பி, அறிக்கை வந்தவுடன் சித்தப்பா சொன்னதை எழுதி அவர் கையெழுத்தோடு மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மனு எழுத நான் வருகிறேன்.

கீழ்க்கழனி | 14 செப்டம்பர் 2025

அறிக்கை வந்துவிட்டது.

கீழ்க்கழனியில் மொத்த குரோமியம் கோயில் தோப்பு மண்ணைவிடச் சற்றே கூடுதல். சோடியம்தான் மிகுதி, ஐயா சொன்னபடியே. மேல்கழனியிலும் எல்லா இடத்திலும் இல்லை. வண்டி இறங்கிய வடக்கு மூலை, ஏறத்தாழ 40 சென்ட், அங்கே முதல் அறிக்கையில் வந்ததைவிட மும்மடங்கு எண். ஆறிணைதிறன் எந்தப் பையிலும் நிறம் காட்டவில்லை. நெல்லில் காட்மியம் வரம்புக்குக் கீழே. குரோமியம் இரண்டு கழனி நெல்லிலும் ஏறத்தாழ ஒன்றே.

நேற்று இரவு மனைவி எங்கள் அரிசியில் சோறு வடித்தாள்.

ஆய்வுமேசை | 14 செப்டம்பர் 2025

கண்ணாடிக் குவளையில் நிறம் வராமல் தெளிவாக நின்றதைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

மண்வாசி | 14 செப்டம்பர் 2025

அண்ணா, மிக்க மகிழ்ச்சி. அந்த 40 சென்டில் மட்டும் கீரையும் கிழங்கும் வேண்டாம். வேர் எடுக்காவிட்டாலும் மழையில் தெறித்த மண் கீரை இலையில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்குள் வரும். பிள்ளைகள் அந்த மூலையில் விளையாட வேண்டாம். வேலை முடிந்து கை கால் கழுவிவிட்டு வீட்டுக்குள் போங்கள். புல்லோ மரப்பயிரோ வைத்து மண்ணை மூடி வையுங்கள். வரப்பில் வெட்டிவேர்.

கிணற்றுத் தண்ணீரை இன்னும் பார்க்கவில்லை. குடிநீரில் குரோமியம் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். மழைக்குப் பிறகு ஒரு முறை, கோடையில் தண்ணீர் அடிக்குப் போனபின் ஒரு முறை எடுக்க வேண்டும்.

பசுவேர் | 15 செப்டம்பர் 2025

வெட்டிவேர் நாற்று என்னிடம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு ராணிப்பேட்டை பக்கம் வருகிறேன். எத்தனை அடி வரப்பு என்று சொல்லுங்கள்.

கீழ்க்கழனி | 15 செப்டம்பர் 2025

வடக்கு மூலையில் வரப்பு 260 அடி. வாருங்கள், சாப்பாடு எங்கள் வீட்டில். பெரியவர் ஐயாவும் மனுவோடு அன்றுதான் வருகிறார். பக்கத்துக் கழனிக்காரர் ஒருவரும் கேட்டுவிட்டு, தங்கள் நிலத்திலும் அந்தக் காலத்தில் வண்டி வந்தது என்கிறார். மர அகப்பையை அவரிடம் கொடுத்திருக்கிறேன்.